போக்கர் போட்டியில் வென்ற பிறகு சீட்டுப் போடும் டீலர்களுக்கு எவ்வளவு டிப்ஸ் விட்டுச் செல்ல வேண்டும்?

லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்றில், 180 பேர் கலந்துகொண்ட 240 டாலர் நுழைவுத் தொகைப் போட்டியில் நீங்கள் முதலிடம் பெற்று 9,400 டாலர் வென்றதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் வாங்கும் இடத்தில் "டீலர்களுக்கு ஏதேனும் விட்டுச் செல்கிறீர்களா?" என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் 500 டாலரைக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு ஒரு நண்பர் அது மிக அதிகம் என்றும், மற்றொருவர் பத்து விழுக்காடு கொடுப்பதே வழக்கம் என்றும் சொன்னதால், சரியான தொகை எதுவென்று கேட்கிறீர்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுழைவுத் தொகையிலிருந்து ஊழியர்களுக்கென ஒரு பங்கை முன்பே பிடித்துவிடும் போட்டிகளில், நிகர இலாபத்தில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு கொடுத்தால் போதுமானது. ஒன்றுமே கொடுக்காமல் போனாலும் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அப்படி எதுவும் பிடிக்காத சிறிய போட்டிகளில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை கொடுப்பது முறை. பரிசு பெரிதாகப் பெரிதாக இந்த விழுக்காடு குறைய வேண்டும். உங்கள் 500 டாலர் தவறான தொகையல்ல, ஆனால் தாராளமான தொகை. நானாக இருந்தால் 100 முதல் 200 டாலர் வரை விட்டிருப்பேன். அது ஏன் என்பதை விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். விழுக்காட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் அடுத்த போட்டியில் அது பொருந்தாமல் போகலாம்.

நுழைவுத் தொகை எப்படிப் பிரிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நீங்கள் அனுப்பிய அறிவிப்புத் தாளில் 240 டாலர் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: 200 டாலர் பரிசு நிதிக்கு, 30 டாலர் கேசினோவின் கட்டணமாக, 10 டாலர் ஊழியர்களுக்கு. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அந்தக் கடைசி எண்ணைப் பார்ப்பதே இல்லை. 180 பேரிடமிருந்து பத்துப் பத்து டாலராக 1,800 டாலர் ஊழியர்களுக்குப் போய்விட்டது. அந்தத் தொகை பிடிக்கப்படாமல் பரிசு நிதியிலேயே சேர்ந்திருந்தால், 36,000 டாலர் நிதியில் 9,400 டாலர் பெற்ற உங்களுக்கு அதே விகிதத்தில் இன்னும் 470 டாலர் கிடைத்திருக்கும். வேறு வகையில் சொன்னால், கவுண்டருக்குப் போவதற்கு முன்பே உங்கள் பரிசிலிருந்து 470 டாலர் டிப்ஸாகச் சென்றுவிட்டது. அதன்மேல் நீங்கள் கொடுத்த 500 டாலரையும் சேர்த்தால், பத்து விழுக்காடு கேட்ட நண்பரின் கணக்கே ஏறக்குறைய நிறைவேறிவிட்டது.

பிடித்தம் எப்போதும் இப்படித் தனி எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் பரிசு நிதியிலிருந்து மூன்று விழுக்காடு அல்லது அதற்குச் சற்றுக் கூடக்குறைய ஊழியர்களுக்காக எடுக்கப்படும் என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வேறு சில இடங்களில் ஆட்-ஆன் என்ற வடிவில் வரும்: ஐந்து அல்லது பத்து டாலர் கூடுதலாகக் கொடுத்தால் தொடக்கத்திலேயே கூடுதல் சிப்கள் (பந்தயம் கட்டும் வில்லைகள்) தருவார்கள், அந்தப் பணம் முழுவதும் டீலர்களுக்குப் போகும். விருப்பத்தின்பேரில் என்று பெயர் இருந்தாலும், சிப்கள் குறைவாக வைத்து ஆட யாரும் விரும்பாததால் ஏறக்குறைய எல்லோருமே அதை வாங்கிவிடுவார்கள். இவற்றில் எதுவுமே தாளில் காணப்படாவிட்டால், பெயர் பதிவுசெய்யும்போதே "ஊழியர்களுக்கு எவ்வளவு பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். முறையாக நடத்தப்படும் எந்தப் போக்கர் அறையும் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. கேஷ் கேம் எனப்படும் பணமேசை ஆட்டத்தில், ஒரு சுற்றில் பந்தயமாகச் சேர்ந்த பணத்தை வென்றவர் அந்த இடத்திலேயே ஒரு டாலர் சிப்பை டீலரிடம் தள்ளிவிடுவார். ஒரு மணி நேரத்தில் முப்பது கைகள், அதாவது சுற்றுகள், வரை சீட்டுப் போடும் டீலருக்கு அது நிலையான வருமானம். போட்டியின் சிப்களுக்கோ பண மதிப்பு கிடையாது. அவற்றில் ஒன்றை எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே அதே திறமையுள்ள அதே டீலர், போட்டி மேசையில் உட்காரும் நேரம் முழுவதும் கையில் ஒரு டாலரும் வராமல் வேலை செய்கிறார். அந்த இழப்பை ஈடுகட்டவே பிடித்தமும், வென்றவர்கள் விட்டுச் செல்லும் தொகையும் இருக்கின்றன.

அமெரிக்காவில் இந்த ஈடு எவ்வளவு முக்கியம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் மட்டும் ரொக்கமாகக் கொடுத்து, 7.25 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தின் எஞ்சிய பகுதியை டிப்ஸிலிருந்தே கணக்குக் காட்ட முடியும். நெவாடா மாநிலம் இதற்கு இடம் தருவதில்லை. அங்கே 2024 ஜூலை முதல் எல்லோருக்கும் குறைந்தபட்சம் மணிக்கு 12 டாலர். ஆனால் லாஸ் வேகாஸில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த அந்த 12 டாலர் போதாது என்பதை அங்கே வேலை செய்யும் எவரும் சொல்வார்கள். போக்கர் டீலரின் உண்மையான சம்பளம் டிப்ஸ்தான்.

இதை இனாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். நெவாடா கேசினோக்களில் டிப்ஸை 'டோக்' என்று சொல்வார்கள். டோக் என்பது வென்றவர் மகிழ்ச்சியில் கொடுக்கும் பரிசு, எனவே அதற்கு வருமான வரி கிடையாது என்று லாஸ் வேகாஸ் டீலர் ஒருவர் வாதிட்டார். கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1976-ஆம் ஆண்டில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, டோக் என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் வருமானமே என்று முடிவு செய்தது. அந்த டீலருக்கு அது வருத்தத்தைத் தந்திருக்கும். ஆனாலும் நீதிமன்றம் விஷயத்தைச் சரியாகவே பார்த்தது என்று நினைக்கிறேன். நீங்கள் கொடுப்பது உங்கள் அதிர்ஷ்டத்தில் டீலருக்கு ஒரு பங்கு என்று கருதினால், அதிர்ஷ்டம் பெரிதாக இருக்கும்போது பங்கும் பெரிதாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அவர் செய்த வேலைக்குக் கூலி என்று கருதினால், எத்தனை மணி நேர வேலை நடந்தது, அதற்கு ஏற்கெனவே எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இரண்டாவது கேள்விதான் நம்மைச் சரியான தொகைக்குக் கொண்டுபோகும்.

உங்கள் போட்டியை அப்படி எடைபோட்டுப் பார்ப்போம். 180 பேர், மேசைக்கு ஒன்பது பேர் என்றால் தொடக்கத்தில் 20 மேசைகள். ஆட்கள் வெளியேற வெளியேற மேசைகள் குறைந்து, பத்து மணி நேரத்தில் ஆட்டம் முடிந்ததாகக் கொண்டால், சராசரியாக எட்டு மேசைகள் ஓடியிருக்கும். ஆக, எண்பது டீலர் மணிநேரம். பிடித்த 1,800 டாலரை இதனால் வகுத்தால் மணிக்கு 22 டாலருக்குச் சற்று மேல் வருகிறது. அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தால், நியாயமான கூலி வந்துவிட்டது என்றே சொல்லலாம். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 500 டாலர் அதை மணிக்கு ஆறு டாலர் உயர்த்தியிருக்கிறது. நல்ல செயல், ஆனால் கொடுக்காமல் விட்டிருந்தால் யாருடைய கூலியும் பறிபோயிருக்காது.

இதற்கு நேர்மாறாக, எந்தப் பிடித்தமும் இல்லாத அன்றாடப் போட்டி ஒன்றை நினைத்துப் பாருங்கள். 60 பேர், 150 டாலர் நுழைவுத் தொகை, அதில் 120 டாலர் பரிசு நிதிக்கும் 30 டாலர் கேசினோவுக்கும் போகின்றன. நிதி 7,200 டாலர். முதல் பரிசு 2,160 டாலர் என்று கொள்வோம். ஏழு மேசைகளில் தொடங்கி ஆறு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ இருபது டீலர் மணிநேர வேலை. முதலாமவர் நிகர இலாபமான 2,010 டாலரில் ஐந்து விழுக்காடாக நூறு டாலரும், இரண்டாமவர் அறுபதும், மூன்றாமவர் நாற்பதும், பரிசு பெற்ற மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஐம்பதும் விட்டுச் சென்றால் மொத்தம் 250 டாலர். மணிக்கு 12 டாலர்தான் வருகிறது. இங்கே வென்றவர் ஒன்றும் கொடுக்காமல் நடந்துபோனால் அது உடனே ஒருவருடைய வருமானத்தில் தெரியும். பெரிய பரிசு வென்றபோது கை தாராளமாகவும், சிறிய பரிசு வென்றபோது இறுக்கமாகவும் இருப்பது மனித இயல்பு. ஆனால் தேவை இருப்பது பெரும்பாலும் சிறிய போட்டிகளில்தான் என்பதைக் கவனியுங்கள்.

மிகப் பெரிய போட்டிகளுக்கு விழுக்காட்டுக் கணக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற போட்டித் தொடரின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்ட் நல்ல எடுத்துக்காட்டு. 2023-ஆம் ஆண்டில் 10,000 டாலர் நுழைவுத் தொகை கட்டி 10,043 பேர் ஆடினார்கள். ஒவ்வொருவர் தொகையிலும் 9,300 டாலர் மட்டுமே பரிசு நிதிக்குச் சென்றது. எஞ்சிய 700 டாலர் நிறுவனத்தின் கட்டணமாகவும் ஊழியர்களுக்கான பங்காகவும் பிரிந்தது. அதாவது பரிசு நிதி 9 கோடியே 34 இலட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு, பிடித்தம் 70 இலட்சம் டாலருக்கு மேல். முதல் பரிசு 1 கோடியே 21 இலட்சம் டாலர். அதில் ஐந்து விழுக்காடு என்றால் ஆறு இலட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. எந்த வழக்கத்தின் பெயராலும் ஒருவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அந்த அளவில் கொடுப்பது முற்றிலும் வென்றவரின் மனத்தைப் பொறுத்தது. ஆறு இலக்கப் பரிசுகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவோ, ஒரு வட்டமான தொகையாகவோ விட்டுச் செல்வதைக் குறை சொல்பவர்கள், பிடித்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவர்கள்.

பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு என்ற பேச்சு உணவகத்திலிருந்து வந்தது. உணவகத்தில் பில் என்பது நீங்கள் பெற்ற சேவைக்கும் உணவுக்குமான விலை. அதன்மேல் விழுக்காடு போடுவதில் ஒரு பொருள் இருக்கிறது. போக்கர் பரிசு அப்படிப்பட்ட விலை அல்ல. மற்ற ஆட்டக்காரர்கள் கட்டிய பணம் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது, நீங்கள் முன்பு தோற்ற போட்டிகளின் பணம் வேறு யாரிடமோ போய்ச் சேர்ந்திருக்கிறது. தொடர்ந்து ஆடுபவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது. ஓர் ஆண்டில் 600 டாலர் போட்டிகள் நூறு ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 60,000 டாலர் கட்டுகிறார். திறமையாக ஆடி இருபது விழுக்காடு இலாபம் பார்க்கிறார் என்றால் அவர் வாங்கும் பரிசுகள் மொத்தம் 72,000 டாலர். ஒவ்வொரு பரிசிலும் மூன்று விழுக்காடு கொடுத்தால் 2,160 டாலர் ஆகிறது. பரிசுத் தொகையோடு ஒப்பிட்டால் சிறிதாகத் தெரியும் இத்தொகை, அவருடைய 12,000 டாலர் ஆண்டு இலாபத்தில் பதினெட்டு விழுக்காடு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் குறைவாகக் கொடுப்பதைப் பார்த்துக் கஞ்சத்தனம் என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து வெல்லும் உங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நீங்கள் சற்றுத் தாராளமாக இருக்கலாம்.

நிகர இலாபம் என்று நான் சொல்வது, அந்தப் போட்டிக்கு நீங்கள் கட்டிய எல்லா நுழைவுத் தொகைகளையும் கழித்த பிறகு எஞ்சுவதை. முதல் இரண்டு முறை வெளியேறி, மூன்றாவது முறை மீண்டும் நுழைந்து வென்றிருந்தால் மூன்றையும் கழியுங்கள். வெளிநாட்டவர்களுக்கு இன்னொரு கழிவும் உண்டு. அமெரிக்காவில் குடியிருப்போர் அல்லாதவர்களின் சூதாட்ட வெற்றியில், வரி ஒப்பந்தத்தால் விலக்குப் பெற்ற நாட்டினராக இல்லாவிட்டால், 30 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படலாம். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு அந்த விலக்கு இருக்கிறது. பல நாட்டினருக்கு இல்லை. வரி போக உண்மையில் கைக்கு வந்த தொகையை வைத்து டிப்ஸை முடிவு செய்வதே சரி. டிப்ஸ் கொடுத்தேன் என்பதற்காக வரிப் படிவத்தில் உங்கள் வெற்றித் தொகையைக் குறைத்து எழுத மாட்டார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஆட்டத்தில் வேறொருவர் பணம் போட்டிருந்தால், டிப்ஸ் யாருடைய பங்கிலிருந்து போகும் என்பதை ஆடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டு, மொத்தப் பரிசிலிருந்து 500 டாலரைக் கொடுத்துவிட்டுப் பிறகு பங்காளியிடம் பாதியைக் கழிக்கப் போனால் மனக்கசப்பில்தான் முடியும். பேச்சே நடக்கவில்லையென்றால் உங்கள் பங்கிலிருந்து கொடுப்பதே கண்ணியம். அதேபோல், கடைசியில் எஞ்சிய மூன்று நான்கு பேர் பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்ளும்போது, பிரிப்பதற்கு முன்பே ஊழியர்களுக்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிடுவது நல்ல வழக்கம். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற ஒப்பீடும் இல்லை, கூச்சமும் இல்லை.

இனி, எவ்வளவு என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி: அந்தப் பணம் யாரிடம் போகிறது? போட்டிகளில் டீலர்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மேசை மாறுவார்கள். அந்த அரை மணியை 'டவுன்' என்பார்கள். ஊழியர்களுக்கான தொகையைப் பொதுவாக டவுன்களின் எண்ணிக்கைப்படி பிரிப்பார்கள். கடைசிக் கையில் உங்களுக்கு வெற்றிச் சீட்டைப் போட்ட டீலர் அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தது சுழற்சி முறையின் தற்செயல். காலையில் இருபது மேசைகளும் நிறைந்திருந்தபோது, நெருக்கடியில், சண்டைகளைச் சமாளித்துக்கொண்டு சீட்டுப் போட்டவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மகிழ்ச்சியில் இறுதி மேசை டீலரின் கையில் இரண்டு நூறு டாலர் நோட்டுகளை வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனத்தோடு செய்ததுதான், ஆனாலும் அந்த நாளின் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்களுக்கு அதில் ஒன்றும் போகவில்லை. ஆகவே கவுண்டரில் கொடுக்கும்போது, "இது இந்தப் போட்டியின் டீலர்கள் எல்லோருக்குமான பொதுத் தொகையில் சேருமா?" என்று கேளுங்கள். தள மேற்பார்வையாளர்களுக்கும் பங்குண்டா என்பதையும் கேட்கலாம். முதலாளிகளும் மேலாளர்களும் ஊழியர்களின் டிப்ஸில் பங்கு எடுக்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டில் கூட்டாட்சிச் சட்டமே திருத்தப்பட்டது. கேட்பது உங்கள் உரிமை. தெளிவான பதில் வராத இடத்தில் தொகையைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

பானம் கொண்டுவந்து கொடுத்தவர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். அவருக்கு ஒவ்வொரு பானத்துக்கும் ஒன்றிரண்டு டாலரை அப்போதே கொடுத்திருக்க வேண்டும். கடைசிப் பரிசை மட்டும் பெற்று, நுழைவுத் தொகையைவிடச் சற்று அதிகமாக எடுத்தவர்கள் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. பத்து இருபது டாலர் விட்டால் நல்லது. பெரிய போட்டிக்கான இடத்தைப் பரிசாகத் தரும் சாட்டிலைட் ஆட்டங்களில் கைக்குப் பணமே வராது என்பதால், சில்லறையாக வரும் மீதித் தொகையையோ இருபது முதல் ஐம்பது டாலரையோ விட்டுச் செல்வது போதும்.

இவையெல்லாம் அமெரிக்கப் பழக்கத்துக்குள் அடங்கிய பேச்சு. எல்லா நாட்டிலும் இதையே செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கேசினோ டீலர்கள் டிப்ஸ் வாங்குவதற்குச் சட்டமே தடை விதித்திருக்கிறது. அங்கே நீட்டினால் அவரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். பிரான்சில் இதற்கு நேர்மாறான மரபு: சுழல்சக்கர ஆட்டமான ரூலெட்டில் ஒற்றை எண்ணில் வென்றவர் ஒரு சிப்பை ஊழியர்களுக்கென்று கொடுப்பது பழைய வழக்கம். போகும் இடத்தின் முறையை அறிந்துகொண்டு பிறகு கொடுப்பதே பாதுகாப்பு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல சீட்டு வந்ததற்காக டீலருக்குக் கூடுதலாகக் கொடுப்பதும், கெட்ட சீட்டு வந்ததற்காகக் குறைப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். சீட்டு அவர் கையில் இல்லை. வேகம், கவனம், பிசகில்லாத எண்ணிக்கை, மேசையில் ஒருவர் மரியாதை மீறும்போது அமைதியாக அதைத் தடுப்பது ஆகியவையே அவர் கையில் இருப்பவை. அவற்றைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். நாள் முழுவதும் டீலரை நோக்கிச் சீட்டை விசிறி எறிந்துவிட்டு, இரவில் கவுண்டரில் ஐந்து விழுக்காடு விட்டுச் செல்பவரைக் காட்டிலும், ஒன்றும் விடாமல் நன்றி சொல்லிப் போகிறவரையே டீலர்கள் விரும்புவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த முறைக்கு நடைமுறையான ஒரு யோசனை. பெயர் பதிவுசெய்யும்போதே பிடித்தத்தைப் பார்த்து, முதல் பரிசு கிடைத்தால் எவ்வளவு, மூன்றாம் பரிசு கிடைத்தால் எவ்வளவு என்று மனத்தில் ஒரு தொகையை முடிவுசெய்துவிடுங்கள். வெற்றிக் களிப்பிலும் பன்னிரண்டு மணி நேரக் களைப்பிலும், பின்னால் வரிசை காத்திருக்கும்போது யாராலும் சரியாகக் கணக்குப் போட முடியாது. பெரிய பரிசுகளைக் காசோலையாகத் தருவார்கள் என்பதால், விட்டுச் செல்லும் அளவுக்கு மட்டும் ரொக்கமாகத் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக் கொடுத்த பிறகு, அது போட்டி டீலர்களின் கணக்கில் எழுதப்படுவதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.